ஆறாவதாக இறங்குகிறவள்

ஆல்ரவுண்டர் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு, பேட்டிங்கில் சொதப்பினால் பவுலிங்கில் சரிக்கட்டலாம். ஒரு சங்கடமும் உண்டு, இரண்டிலும் சொதப்பினால் ஒரே நாளில் இரண்டு முறை திட்டு வாங்கலாம்.

காலையில் வீட்டில் ஒரு வேலை, பகலில் ஆபீஸில் இன்னொரு வேலை என்று ஓடுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இட்லி கல் மாதிரி வந்தால் 'ஆபீஸ் போற பொண்ணு, பாவம்' என்பார்கள். ஆபீஸில் ஃபைல் தாமதமானால் 'வீட்ல வேலை ஜாஸ்தி போல, பாவம்' என்பார்கள். அந்தப் 'பாவம்' எனக்கு இந்தியா டீமின் நீலச் சட்டையில் கிடைத்தது. மற்றபடி நாம் எல்லாரும் ஒரே கட்சிதான்.

என் பெயர் ரீட்டா. பெங்களூர் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். டாடி ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், மம்மி வீட்டிலேயே தையல். நான் வலது கை மிதவேகப் பந்துவீச்சு, பேட்டிங்கில் ஆறாவது இடம். பெண்கள் கிரிக்கெட்டில் சில வருஷங்கள் இந்தியாவுக்கு ஆடினேன். என் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே என்று நீங்கள் சங்கடப்பட வேண்டாம். நாங்கள் ஆடியதில் பாதி மேட்ச் டிவியில் வரவில்லை. வந்த பாதியை எங்கள் வீட்டிலேயே பார்க்கவில்லை. அந்த நேரத்துக்கு சீரியல் இருந்தது.

வரிசை நீளம்

மாநில அணிக்குத் தேர்வு நடந்தபோது நான் கல்லூரிகூடப் போகவில்லை. அதுவரை ஆடியதெல்லாம் எங்கள் சந்தில், அண்ணன்களோடு, டென்னிஸ் பந்தில். சந்து எவ்வளவு குறுகல் என்றால் இரண்டு பக்கமும் அடித்தால் யாராவது வீட்டு ஜன்னல். நேராக மட்டும்தான் அடிக்கலாம். பிற்காலத்தில் ஒரு பயிற்சியாளர் என் நேர் அடியைப் பார்த்து 'எந்த அகாடமி?' என்று கேட்டார். எங்கள் ஏரியா கார்ப்பரேஷனைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மைதானத்தில் இரண்டு வரிசை நின்றது. பேட்டிங் வரிசையில் சொந்த மட்டையும் சொந்த கிளவுஸுமாக ஏகப்பட்ட பெண்கள். பவுலிங் வரிசையில் நாலைந்து பேர். என்னிடம் மட்டை இல்லை, வெயிலோ தாங்கவில்லை. சின்ன வரிசையில் போய் நின்றேன். பந்து போட்டேன். தேர்வாளர் ஒரு பெரியவர், தொப்பியைத் தூக்கிப் பார்த்து, "பேட்டிங்?" என்றார். வரும் என்று தலையாட்டிவிட்டேன். காலில் கட்டப் பேடு கிடையாதே என்று முழித்தபோது, விக்கெட் கீப்பருக்கு வந்திருந்த ஒரு பெண் தன்னுடையதை அவிழ்த்து என் காலில் கட்ட ஆரம்பித்தாள். அவள்தான் ஷோபா. அதற்கப்புறம் பதினைந்து வருஷம் என் பந்தைப் பிடித்தவள் அவள்தான். அவள் கன்னடத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இருவருக்கும் ஒரு தடையும் இருந்ததில்லை. அவள் பேச்சை இங்கே தமிழிலேயே தருகிறேன்.

ஆடி முடித்துத் திரும்பியபோது பெரியவர் கையில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்: "பேட்டிங் பாத்தா பவுலர் மாதிரி இருக்கே. பவுலிங் பாத்தா பேட்டர் மாதிரி இருக்கே. இரும்மா, நடுவுல எங்கயாவது போடறேன்."

இந்தியாவுக்குக் கத்தரி

முதல் தடவை இந்தியா டீமுக்கு எடுத்தபோது சட்டையும் பேண்ட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வந்தன. பிரித்துப் போட்டால் தோள்பட்டை முழங்கைக்கு இறங்கி வந்தது. ஆண்களுக்குத் தைத்த அளவு. எங்களுக்கென்று தனியாகத் தைப்பது என்ற யோசனை அப்போது யாருக்கும் வந்திருக்கவில்லை. மம்மி என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கல்யாணப் பந்தல் மாதிரி கீது," என்றாள். அளவு நாடாவை எடுத்தாள், சாக்பீஸால் கோடு போட்டாள், கத்தரியைக் கையில் எடுத்தாள். அப்புறம் கீழே வைத்துவிட்டாள். நெஞ்சில் 'இந்தியா' என்று எழுதியிருக்கிறதே, அதில் கத்தரி வைக்கலாமா, போலீஸ் கேஸ் ஆகிவிடாதா என்று அவளுக்கு பயம்.

நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனாள். ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் எங்கள் தெருக்காரர்கள். அத்தனை பேர் நடுவில் சட்டையை விரித்துக் காட்டி, இதை வெட்டலாமா என்று கேட்டாள். ஃபாதர் சட்டையை வாங்கி, என்னையும் ஒரு தடவை பார்த்து, சிரிக்காமல் சொன்னார்: "தாராளமா வெட்டும்மா. தொளதொளன்னு போட்டுக்கிட்டு கேட்சை விட்டாத்தான் தேசத்துக்கு அவமானம்."

எந்த கோச்

அந்தக் காலத்தில் உள்நாட்டு மேட்ச்சுகளுக்கு ஸ்லீப்பர் வகுப்பில்தான் போவோம். பதினாலு பெண்கள், ஆளுக்கு ஒரு கிட் பை. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம். சீட்டுக்கு அடியில் போகாது, மேலே ஏறாது. நடைபாதையில் வரிசையாக நிறுத்தினால் டீ விற்பவர் தாண்டிப் போக முடியாமல் எங்கள் பெட்டியைச் சபிப்பார். மேட்ச் ஆடியதைவிட அந்தப் பைகளைத் தூக்கியதில்தான் எனக்குத் தோள் பலம் வந்தது.

ஒரு தடவை எதிர் சீட்டில் ஒரு குடும்பம். அந்த அம்மா எங்களுக்குப் புளியோதரை கொடுத்தார், நாங்கள் சிப்ஸ் கொடுத்தோம். அவர் கணவர் ஓய்வு பெற்ற வாத்தியார், நல்ல மனிதர். பையில் என்ன என்று விசாரித்தார். கிரிக்கெட் மட்டை என்றோம். ஆடப் போகிறோம், நாளை மறுநாள் செமி ஃபைனல் என்றெல்லாம் ஷோபா உற்சாகமாகச் சொன்னாள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இறங்கும்போது பைகளைத் தூக்கிவிட்டு உதவிகூடச் செய்தார். பிளாட்பாரத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "சாமானெல்லாம் நீங்க எடுத்துட்டு வந்துட்டீங்க, சரி. ஆடற பசங்க எந்த கோச்ல வர்றாங்கம்மா?"

எந்த ஊர்ப் பெண்

சென்னையிலிருந்து ஒரு டீம் பெங்களூருக்கு ஆட வந்திருந்தது. நான் பேட்டிங். பந்து போடுகிற பெண்ணும் அவர்களுடைய கேப்டனும் என்னை இரண்டடி தூரத்தில் நிற்க வைத்துக்கொண்டே தமிழில் திட்டம் போட்டார்கள். 'இவளுக்கு அடுத்தது ஸ்லோவா போடறேன்க்கா, ஏமாந்துடுவா.' நான் ஏமாறவில்லை. 'சரி, கால் பக்கம் ஆளை வச்சுட்டு ஷார்ட்டா போடு.' நான் பின்னால் போய்க் காத்திருந்தேன். இப்படியே அந்த ஓவர் முழுக்க நடந்தது. கடைசியில் அந்தப் பெண் அழாத குறையாக, "அக்கா, இவளுக்கு மண்டைக்குள்ள ஏதோ மிஷின் இருக்குக்கா," என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேப்டன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'தமிழா? எந்த ஊர்?' பெங்களூர்தான் என்றேன். 'இல்ல, சொந்த ஊர்?' அதுவும் பெங்களூர்தான். தாத்தா காலத்தில் வந்தவர்கள் என்று கேள்வி, எங்கிருந்து என்று டாடிக்கே சரியாகத் தெரியாது. என் டீமில் என்னைத் 'தமிழ் ரீட்டா' என்பார்கள். சென்னைக்குப் போனால் 'பெங்களூர் ரீட்டா'. இரண்டு பக்கமும் பாசமாகத்தான் சொல்வார்கள். ஆனால் வெறும் ரீட்டாவாக எங்கே இருந்தேன் என்று யோசித்தால், அந்தப் பிட்சில் நின்ற நேரம் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஷோபாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் ஹோகலி பிடு, விட்டுத் தள்ளு. அடுத்தது ஹைதராபாத் டீம் வருது. தெலுங்கும் வருமா உனக்கு?"

இரண்டு கால்

நன்றாக ஆடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அது நடந்தது. முந்தின நாள் மழை, தரை ஈரம். பந்தை விடும்போது இடது கால் ஊன்றினேன். பாதம் நின்றது, உடம்பு திரும்பியது. முட்டிக்குள் பாக்கு வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குக் கேட்டதைவிட ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற ஷோபாவுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. நான் விழுவதற்கு முன்பே அவள் ஓடி வர ஆரம்பித்துவிட்டாள்.

ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் என்றார்கள். நான் டாக்டரிடம் பேரம் பேசிப் பார்த்தேன். பவுலிங்கை விட்டுவிட்டு பேட்டிங் மட்டும் பண்ணினால் சீக்கிரம் போகலாமா? போகலாம் என்றார். ஆனால் எங்கே போவது? வெறும் பேட்டராக என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் டீமில் இருந்தார்கள். வெறும் பவுலராகவும் அப்படியே. பாதி பாதியாக இரண்டு வேலை சேர்ந்துதான் நான் ஒரு முழு ஆள். ஒரு பாதியை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது பாதி ரீட்டா இல்லை, ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் அது எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது. பயமாக இருந்தது.

அந்த சனிக்கிழமை மம்மி மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். உடம்பில் எந்த இடம் சரியாக வேண்டுமோ அந்த இடத்தை மெழுகில் செய்து விற்பார்கள், வாங்கி மாதா காலடியில் வைக்க வேண்டும். 'கால் வச்சியா மம்மி?' என்று கேட்டேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடைக்காரன் எந்தக் காலுன்னு கேட்டான். அந்த அவசரத்துல எனக்கு மறந்தே போச்சுடி. ரெண்டையும் வாங்கி வச்சிட்டேன். கெட்டது நல்லாவட்டும், நல்லது அப்படியே இருக்கட்டும்."

ஷோபாவுக்குத் தெரிந்தது

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது திரும்பி வர. வெளிநாட்டில் ஒரு போட்டி, அரையிறுதி. கடைசி ஓவருக்கு மற்ற பவுலர்கள் யாருக்கும் ஓவர் மிச்சமில்லை. கேப்டன் பந்தை என்னிடம் நீட்டி, 'முடியுமா?' என்றாள். முடியும் என்றேன். அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்ன ஆல்ரவுண்டரை நான் பார்த்ததில்லை. ஸ்டேடியத்தில் கூட்டம் அதிகமில்லை, ஆனால் இருந்த அத்தனை பேரும் அந்த ஊர்க்காரர்கள். குளிரில் விரல் நுனி மரத்திருந்தது.

இரண்டாவது பந்திலேயே முட்டி குத்த ஆரம்பித்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை. திரும்பி நடந்து போகும்போதுகூட நேராகத்தான் நடந்தேன். ஆனால் ஷோபா கிளவுஸை மாட்டிக்கொண்டே என்னிடம் ஓடி வந்தாள். ஏதோ ஃபீல்டிங் மாற்றம் சொல்கிற மாதிரி தூரத்தில் கையைக் காட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "நீ நொண்டறது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பேட்டருக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சுடு," என்றாள்.

கடைசிப் பந்து. நாலு ரன் அடித்தால் அவர்கள், இல்லையென்றால் நாங்கள். எங்கே போட நினைத்தேனோ அங்கேயே விழுந்தது. என் வாழ்க்கையில் அப்படிச் சொன்னபடி கேட்ட பந்து குறைவு. மட்டை விளிம்பில் பட்டு, ஷோபாவின் கையைத் தாண்டி, பவுண்டரி கயிற்றைத் தொட்டுவிட்டது.

டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வந்தும் ஷோபா கிளவுஸைக் கழற்றவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. நினைத்ததை நினைத்த இடத்தில் போட்டேன் என்பது மட்டும் உள்ளே எங்கோ உறுதியாக இருந்தது. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் கிளவுஸின் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தேன். கையை என் பக்கம் நீட்டிச் சொன்னாள்: "மோசமான பந்தா இருந்தா பேட்டுக்கு நடுவுல பட்டிருக்கும் ரீட்டா. நீ நல்லாத்தான் போட்டே. என் கைதான் ஒரு விரல் நீளம் கம்மி."

பாயின் சந்தேகம்

விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு வங்கியில் வேலை. மேட்ச் இல்லாத நாட்களில் கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்புக் போட்டுத் தருவேன். அந்த மிஷின் மக்கர் பண்ணும்போது வாடிக்கையாளர்கள் என்னைப் பார்க்கிற பார்வைக்கும், கேட்ச் விட்டால் ரசிகர்கள் பார்க்கிற பார்வைக்கும் அதிக வித்தியாசமில்லை. ரஹமத் பாய் என்று ஒருவர் வருவார், மாதுளை வியாபாரி. பெண்கள் கிரிக்கெட்டை முழுசாகத் தொடர்ந்து பார்த்த ஒரே வாடிக்கையாளர். எந்த ஊரில் ஆடப் போனாலும் அங்கே என்ன பழம் கிடைக்கிறது என்று விசாரித்து வரச் சொல்வார்.

அடுத்த சுற்றுப்பயணத்துக்கு டீம் எடுத்திருந்த சேதி எனக்குத் தெரியாது. யாரும் போன் பண்ணவில்லை. எடுத்தால் பண்ணுவார்கள், எடுக்காவிட்டால் பண்ண மாட்டார்கள், அதுதான் வழக்கம். கவுண்டரில் பாதி நாள் ஓடியிருந்தது. ரஹமத் பாய் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பாஸ்புக்கை நீட்டாமல் போனை நீட்டினார். பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஷோபா இருந்தாள். நான் மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. 'பாஸ்புக் குடுங்க பாய்' என்றேன். வாங்கி மிஷினுக்குள் விட்டேன். அது அன்று பார்த்து ஒழுங்காக வேலை செய்தது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது பாய் கிளம்பவில்லை. கவுண்டர் கண்ணாடிக்கு ரொம்பக் கிட்ட வந்து, ரகசியம் மாதிரி சொன்னார்: "அரே மேடம், ஃபிக்கர் நக்கோ, கவலைப்படாதீங்க. ப்ரிண்டிங் மிஸ்டேக் இருக்கும். சாயங்காலம் பேப்பர்ல கரெக்ட் பண்ணி போடுவாங்க."

வெள்ளைத் திரை

சாயங்காலப் பேப்பரில் போடவில்லை. இன்னும் ஒரு சீசன் மாநிலத்துக்கு ஆடினேன். முட்டி படிக்கட்டு ஏறவே யோசிக்க ஆரம்பித்ததும், இது போதும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். டாடி இன்னொரு துண்டு கறி எடுத்து என் தட்டில் வைத்தார். அவர் என் மேட்ச் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. வேலையில் இருந்தபோது ஷிப்ட். ரிட்டயர் ஆன பிறகு, 'நான் வந்தா நீ அவுட் ஆயிடுவே' என்ற பயம்.

கடைசி மேட்ச் பெங்களூரிலேயே. டாடி வந்துவிட்டார், மம்மியையும் சாப்பாட்டுக் கேரியரையும் கூட்டிக்கொண்டு. நான் பேட் பண்ண இறங்கி, முதல் பந்துக்குத் தயாராகி நிமிர்ந்தால், பவுலருக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு ஆள், குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். பந்து தெரியாது. கையைக் காட்டி நிறுத்தினேன். அம்பயர் திரும்பிப் பார்த்து 'ஏன்ரீ, பக்கக்கே ஹோக்ரீ' என்று தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினார். அந்த ஆள் நகரவில்லை. நன்றாகத் தெரியும் இடம் அதுதான் என்று முடிவு பண்ணியிருந்தார். கடைசியில் நானே, அத்தனை பேர் முன்னால், 'டாடி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க!' என்று கத்த வேண்டியதாயிற்று. எதிர் டீம் மொத்தமும் சிரித்தது. குடையை மடக்கிக்கொண்டு நகர்ந்து போனார்.

கொஞ்ச நேரம் ஆடினேன். இரண்டு நேர் அடிகள் என் திருப்திக்கு வந்தன. அப்புறம் ஒரு சாதாரணப் பந்தில் போல்டு. அவ்வளவுதான், முடிந்தது. மம்மி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். டாடி கேரியரைத் திறந்து, தட்டு தேடி, எதையாவது செய்துகொண்டே இருந்தார். மம்மி பையில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் நிறைந்து கிடந்தது. என் முகத்தைப் பார்க்காமலே டாடி சொன்னார்: "நீ அடிச்சதெல்லாம் பாத்தேம்மா. அவுட்டானதை மட்டும் பாக்கல. மம்மிக்கு தண்ணி எடுக்கப் போயிருந்தேன்."

நெட்டில் இல்லை

இப்போது சனி, ஞாயிறு காலைகளில் ஹெப்பகோடி பக்கம் ஒரு மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பெற்றோர் பெரும்பாலும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள். எந்தப் பொருளையும் விசாரிக்காமல் வாங்க மாட்டார்கள், கோச் உட்பட. சேலத்துக்காரர் ஒருவர், சாஃப்ட்வேர் வேலை, மகளைச் சேர்த்து ஒரு மாதம் கழித்து என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். விக்கெட் விழுந்து நாங்கள் எல்லோரும் ஓடி வந்து கட்டிக்கொள்கிற படம். அதில் ஓரமாக ஒரு முதுகு தெரிகிறது. 'இதுவா மேடம் நீங்க?'

அந்த முதுகு என்னுடையதுதான். நான் பந்து போட்ட வீடியோ, ரன் எடுத்த வீடியோ என்று அவர் எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. 'தப்பா நெனைக்காதீங்க மேடம், சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்,' என்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. ஆடினேன் சார், படம் எடுக்க யாரும் வரவில்லை என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் மறந்து, பதிவும் இல்லாமல் போனால், நான் ஆடினேன் என்பதற்கு என் முட்டியைத் தவிர வேறு சாட்சி என்ன இருக்கிறது?

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பிள்ளைகள் பந்து பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பரவால்ல மேடம். நான் மூணு வருஷம் ராத்திரி பகலா எழுதின ப்ராஜெக்ட்டை கம்பெனி ஒரே மெயில்ல மூடிட்டாங்க. அதுவும் இப்ப நெட்ல இல்ல."

பக்கத்து ஸீட்

போன சீசனில் பெண்கள் லீக் மேட்ச் ஒன்றுக்கு ஷோபா டிக்கெட் எடுத்திருந்தாள். அவள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் படியிலேயே நின்றுவிட்டோம். அவ்வளவு கூட்டம். அம்மாக்களும் பெண்களும் குழந்தைகளும். மைதானத்தில் நிற்கிற பெண்ணின் பெயரைச் சொல்லி மொத்த ஸ்டேடியமும் கத்துகிறது. 'உங்களுக்குப் பொறாமையா இருக்காதா?' என்று ஆபீஸில் கேட்பார்கள். சில காலைகளில், எழுந்து முதல் அடி வைக்கும்போது, இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது இல்லை. நல்ல சாப்பாட்டை யாரோ சாப்பிடுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பசி இருந்தது, ஆனால் சாப்பாடு வந்துவிட்டதே என்ற நிம்மதியும் இருந்தது.

ஷோபாவால் சும்மா இருக்க முடியவில்லை. 'அந்த கீப்பர் சீக்கிரமா எழுந்திரிக்கறா, பாரு, பாரு,' என்று ஒவ்வொரு பந்துக்கும் முணுமுணுத்தாள். நான் ஆறாவதாக இறங்கிய பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று முன்பு அவள்தான் பந்து போட்டுக் களைத்துப்போயிருந்தாள். இப்போது பேடு கட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். என் கால் தன்னால் தரையில் ஊன்றிக்கொண்டது. பக்கத்து ஸீட்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி, கன்னத்தில் வர்ணம் பூசியிருந்தாள், நல்ல தமிழ்ப் பெண். எங்கள் நரைத்த தலைகளையும் பதற்றத்தையும் பார்த்து, ஏதோ புரியாமல் முழிக்கிறார்கள் என்று இரக்கப்பட்டிருக்க வேண்டும். பாப்கார்னை நீட்டிக்கொண்டே எனக்கு விளக்க ஆரம்பித்தாள். பவுண்டரி என்றால் என்ன, ஓவர் என்றால் என்ன. ஷோபா வாயைத் திறக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அந்தப் பெண் அத்தனை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் பிட்சைக் காட்டிச் சொன்னாள்: "இப்ப ஆடறாங்களே, அவங்க ஆல்ரவுண்டர் ஆன்ட்டி. பேட்டிங், பவுலிங் ரெண்டும் பண்ணணும். செம கஷ்டம் ஆன்ட்டி, வெளிய உக்காந்து பாக்கற நமக்கெல்லாம் அது புரியாது."

இத்தனை வருஷம் உள்ளே நின்று ஆடியபோது யாரும் சொல்லாத ஒரு பாராட்டை, வெளியே டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, வேறொருத்தி பேரில் வாங்கிக்கொண்டு, பாப்கார்னும் தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.